ஆர்கனுக்கு இடப்பக்கம்

ஆர்கன் ஸ்டுடியோவின் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலே வாத்தியாரும் தம்பியும், கீழே கிடார் வாசிக்கும் சில்லறையும் வண்டி ஓட்டி வந்தவரும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, அக்கா மட்டும் கைப்பையோடு கீழ்ப்படியில் நின்று வழி சொன்னாள்.

“இடப்பக்கம் சாய்ங்க. அட, உங்க இடம் இல்ல, என் இடம்.”

“அக்கா, இதுக்கு நீங்க புல்லாங்குழல் கத்துக்கிட்டிருக்கலாம்,” என்றான் சில்லறை, மூச்சு வாங்க.

“நீ கிடார் கத்துக்கிட்டிருக்கலாம்,” என்றாள் அக்கா.

வண்டிக்காரர் சிரித்ததில் பிடி நழுவி, சுவரில் ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்தது. அதன் பிறகுதான் ஆர்கன் மேலே போனது.

அந்தக் குழுவின் பெயர் ‘நாலு பேர்’. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் பயமுறுத்துகிறார்களே, அந்த நாலு பேர் நாங்கள்தான் என்று வாத்தியார் எல்லா மேடையிலும் அறிமுகம் செய்வார்; எல்லா மேடையிலும் அதே இடத்தில் சிரிப்பு வரும். அவர் வாசிப்பது சாக்ஸபோன். பள்ளியில் கணக்கு வாத்தியார். கிடார்காரன் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஒரு சுரம் போதும் என்கிற இடத்தில் ஒன்பது சுரம் இறைப்பவன் என்பதால் சில்லறை. ஆர்கன் வாசிப்பவள் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். டிரம்ஸ் வாசிப்பவன் அவளுடைய உடன்பிறந்த தம்பி. அவன் அக்கா என்று கூப்பிட்டதால் அவளைவிட மூத்தவரான வாத்தியாருக்கும் அவள் அக்கா. அவள் தம்பி என்று கூப்பிட்டதால் அவன் எல்லோருக்கும் தம்பி. அவன் தலை பாதி நரைத்த பிறகும் அது மாறவில்லை.

அவர்கள் வாசித்தது சோல் ஜாஸ். ஜாஸில் மூளைக்குக் கொடுக்கும் வேலையைக் குறைத்து இடுப்புக்குக் கொடுப்பது என்று வாத்தியார் விளக்குவார். இந்த வகைக் குழுவில் ஆர்கன் இருந்தால் பேஸ் கிடார் வேண்டாம். ஆர்கனின் அடியில் நீளமான மரப் பெடல்கள் வரிசையாக இருக்கும். வாசிப்பவரின் கைகள் மேலே பாட்டை நடத்த, இடது கால் அந்தப் பெடல்களில் நடந்து அடிக்குரலைக் கொடுக்கும். காது அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. ஆனால் அது நின்றால் மாடியில் நடந்துகொண்டிருக்கும்போது தளத்தை உருவியது போல இருக்கும். ‘நாலு பேர்’ குழுவின் தளம் அக்காவின் இடது கால்.

முதல் ஆல்பத்தை மூடிக்கிடந்த ஒரு மரச்சாமான் கடையில் பதிவு செய்தார்கள். நாலு பேரும் ஒரே கூடத்தில், விற்காமல் போன அலமாரிகளுக்கு நடுவே, ஆளுக்கொரு மைக் வைத்து வாசித்தார்கள். அதில் ஒரு பாட்டை ஒரு மெத்தை விளம்பரத்தில் போட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த ஆல்பம் கம்பெனிக்காரர் ஒருவர், அடுத்ததை நல்ல ஸ்டுடியோவில் செய்யலாம், ஒரு வாரம் எடுத்துத் தருகிறேன் என்றார்.

இரண்டு ஆல்பங்களுக்கும் நடுவில் அக்காவுக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று நின்று மூட்டு தேய்ந்திருந்தது. அறுவைக்கு முன் டாக்டரிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

“நடக்கறது எப்படியோ போகட்டும் டாக்டர். பெடல் மிதிக்க முடியுமா?”

“தையல் மெஷினா?”

“இல்ல, பேஸ்.”

டாக்டருக்குப் புரியவில்லை. முடியும் என்று சொல்லிவிட்டார். முடிந்தது. முன்பு அவள் தொடையோடு சேர்த்துக் காலைத் தூக்கிப் பெடலில் வைப்பாள். பயிற்சி கொடுத்த பெண் அதை மாற்றி, முழங்கால் அசையாமல் கணுக்காலால் மட்டும் மிதிக்கப் பழக்கினாள். சாப்பாட்டு மேசைக்கு அடியில், கடையின் கல்லா நாற்காலியில், பஸ்ஸில் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் அக்கா மிதித்துப் பழகினாள். அதன் பின் மூன்று மேடை ஏறினார்கள். எதிலும் குறையில்லை.

ஸ்டுடியோவில் டிரம்ஸுக்கென்று தனி அறை இருந்தது. சுவர் முழுக்கப் பஞ்சு, ஒரு பக்கம் இரட்டைக் கண்ணாடி. தம்பி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

“நான் வெளியிலேயே போட்டுக்கறேனே. அக்காவுக்கு இடப்பக்கம்.”

எந்த மேடையானாலும் டிரம்ஸ் ஆர்கனுக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம். மேடை போடுகிறவர்கள் எத்தனையோ பேர் அவனோடு இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். சென்டிமென்ட் என்று குழுவில் கேலி செய்வார்கள். அவனும் ஆமாம் என்று சிரித்துக்கொள்வான்.

“வெளியில போட்டா உங்க சத்தம் எல்லா மைக்லயும் விழும். அப்புறம் ஒண்ணையும் தனியா எடுக்க முடியாது,” என்றாள் ஒலிப்பதிவாளர். குறைவாகப் பேசுகிற பெண். காதில் மாட்டும் ஹெட்போன் எப்போதும் அவள் கழுத்தில் கிடந்தது. “ஆர்கனைக் கண்ணாடியைப் பார்த்து வைக்கறேன். ரெண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கலாம்.”

“அக்கா முகத்தைப் பார்த்துக்கிட்டே வாசிக்கணுமா? சின்ன வயசுலேருந்து அதுலேருந்து தப்பிக்கத்தானே டிரம்ஸ் கத்துக்கிட்டான்,” என்றான் சில்லறை.

ஆர்கனைக் கண்ணாடிக்கு எதிரே வைத்தார்கள். உள்ளே உட்கார்ந்த தம்பிக்கு ஆர்கனின் மரமுதுகும் அதற்கு மேல் அக்காவின் தலையும் தோளும் தெரிந்தன.

முதலில் எடுத்தது ‘மாடிப்படி’ என்ற பாட்டு. வாத்தியார் மெட்டுப் போட்டால் கண்ணில் முதலில் படும் பொருளின் பெயரை வைத்துவிடுவார். அவர்கள் பல வருடமாக மேடையில் வாசித்துவரும் பாட்டு அது. தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பார்கள். வாசித்தார்கள். ஒலிப்பதிவாளரின் மேசையைச் சுற்றி நின்று கேட்டார்கள்.

“ஏதோ ஒட்டல,” என்றார் வாத்தியார் கடைசியில்.

மறுபடி எடுத்தார்கள். ஒட்டவில்லை. ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். ஏசியை நிறுத்திப் பார்த்தார்கள்; வியர்த்ததுதான் மிச்சம். பேஸும் டிரம்ஸும் ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாத மாமியாரும் மருமகளும் மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் வேலையைச் செய்துகொண்டு, ஒன்றையொன்று தொடாமல் போயின.

ஒலிப்பதிவாளர் இரண்டு பதிவுகளையும் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். மேலே பேஸின் அலை, கீழே டிரம்ஸின் அலை. சேர வேண்டிய இடத்தில் மயிரிழை விலகியிருந்தன. சில இடங்களில் இரண்டு மயிரிழை.

“யார் லேட்?” என்றார் வாத்தியார்.

“அதைச் சொல்ல முடியாது சார். ரெண்டு பேர் சேர்ந்து நடக்கும்போது விலகிட்டாங்க. யார் விலகினாங்கன்னு ரோட்டைக் கேட்க முடியுமா?”

ஆனால் அறையில் இருந்த எல்லோர் கண்ணும் ஒரு கணம் அக்காவின் முழங்காலுக்குப் போய்விட்டு வந்தது. அக்கா அதைப் பார்த்தாள். தம்பியின் கண் மட்டும் போகவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் எல்லோர் காதிலும் தாளக் கருவியின் டிக் டிக் சத்தத்தைப் போட்டு எடுத்துப் பார்த்தார்கள். தம்பி அதோடு கச்சிதமாக வாசித்தான். அவன் பிழைப்பே அதுதான். மற்றவர்களின் பதிவுகளுக்கெல்லாம் டிக் டிக் காதில் மாட்டிக்கொண்டு வாசித்துச் சம்பாதிப்பவன். அக்காவும் அதோடு வாசித்தாள். இரண்டும் சேர்ந்தன. பாட்டு செத்துக் கிடந்தது.

“இது மாடிப்படி இல்ல. லிஃப்ட்,” என்றார் வாத்தியார்.

கம்பெனிக்காரர் மாலையில் வந்து கேட்டார். சத்தமாகப் பேசாத மனிதர். கேட்டு முடித்துவிட்டு அக்காவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது. ஆபரேஷன் பண்ண கால். ஒரு வாரம் தொடர்ந்து மிதிக்கணும்னா கஷ்டம்தான். பேஸுக்கு மட்டும் ஒரு ஆளை வச்சுக்கலாமே? கை உங்களோடதுதான். உங்க பேர்தான் முன்னாடி வரும்.”

“என் கால் சரியாத்தான் இருக்கு.”

“இருக்கட்டும். ஒரே ஒரு பாட்டு வச்சுப் பார்ப்போம். பிடிக்கலைன்னா வேண்டாம்.”

அக்கா வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் சாக்ஸபோனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்ததைத்தான் துடைத்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அக்கா சாப்பாட்டு மேசையின் முன் உட்கார்ந்து, கைகளை மேசைமேல் வைத்து, தரையில் காலால் ‘மாடிப்படி’யை முழுக்க வாசித்தாள். அவள் கணவர் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“என் கால் பின்னாடி போகுதா?” என்றாள்.

“இல்லையே.”

“உங்களுக்குத் தாளம் தெரியுமா?”

“கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்தச் சத்தத்துலதான் பேப்பர் படிக்கறேன். பின்னாடி போயிருந்தா நான் இன்னும் முதல் பக்கத்துலயே இருப்பேன்.”

அவள் சிரிக்கவில்லை. கையால் ஆர்கன் வாசிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவளைவிட நன்றாக வாசிக்கிறவர்களும் உண்டு. காலால் இப்படி வாசிக்கிறவள் அவள் ஒருத்திதான். பேஸ் போனால் தன்னிடம் மிஞ்சுவது என்ன என்பது அவளுக்குத் தெரியும். அதைக் காப்பாற்றத்தான் முழங்காலை அறுக்கக் கொடுத்தாள்.

மறுநாள் பேஸ் கிடாரோடு வந்தவர் ஸ்டுடியோ முதலாளியின் மகளைக் கட்டியவர். அதனால் அங்கே அவருக்கு மாப்பிள்ளை என்று பெயர். காபி கொண்டுவருகிறவரும் மாப்பிள்ளை என்றார், மாமனாரும் மாப்பிள்ளை என்றார். ஒடிசலான, பணிவான ஆள். உள்ளே நுழைந்ததும் நேராக அக்காவிடம் வந்தார்.

“அக்கா, உங்க முதல் ஆல்பம் எனக்கு மனப்பாடம். அந்த பேஸை நான் விரல்ல வாசிச்சுப் பார்த்திருக்கேன். வரல. அதையும் சொல்லிடறேன்.”

“மாப்பிள்ளை முறுக்கே இல்லாம வந்திருக்காரு,” என்றான் சில்லறை. “நம்ப முடியலையே.”

‘ஈரத்துணி’ என்ற புதிய பாட்டை எடுத்தார்கள். மாப்பிள்ளை கண்ணாடிக்கு அருகில் நின்று வாசித்தார். அக்கா கைகளால் மட்டும் வாசித்தாள். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெஞ்சின் குறுக்குக்கட்டையில் வைத்துக்கொண்டாள். ஒரே எடுப்பில் முடிந்தது.

கேட்டார்கள். நன்றாக இருந்தது. அடிக்குரலும் டிரம்ஸும் ஒரே ஆளின் இரண்டு கைகள் போலப் போயின. ஒலிப்பதிவாளர் திரையைப் பார்த்துவிட்டு ஆமோதித்துத் தலையை அசைத்தாள். கம்பெனிக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் இருக்கும் அளவுக்கு நல்லவராக இருந்தார்.

“நல்லா இருக்கு,” என்றாள் அக்கா. உண்மையாகத்தான் சொன்னாள்.

பிறகு ஆர்கனிடம் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, ஷூக்களைக் கழற்றினாள். ஆர்கனுக்கென்றே வைத்திருந்த கறுப்பு ஷூக்கள். பெடல் காலுக்கு உறைக்க வேண்டும் என்று அடித்தோலைக் காகிதம் போலத் தேய்த்து வைத்தவை. வேறெங்கும் அவள் அவற்றைப் போட்டதில்லை. இரண்டையும் ஒன்றின் வாயை ஒன்றில் வைத்து, துணிப் பையில் போட்டு, பையின் கயிற்றை இழுத்துக் கட்டினாள். சாதாரணமாக ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் செய்வதுதான். ஆனால் இன்னும் பகல் இரண்டு மணிகூட ஆகவில்லை.

கண்ணாடிக்கு உள்ளேயிருந்து தம்பி அதைப் பார்த்தான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, பையோடு வெளி வராந்தாவுக்குப் போனாள். அங்கே ஒரு தண்ணீர்க் குடமும், ஒரு பெஞ்சும், காலி ஒயர்ச் சுருள்களும், ஒரு ஜன்னலும் இருந்தன. தம்பி பின்னாலேயே வந்தான். கையில் இன்னும் குச்சிகள் இருந்தன.

“அக்கா.”

“தண்ணி குடிக்கத்தான் வந்தேன். போ, அடுத்த பாட்டுக்கு ரெடி பண்ணு.”

“உன் கால் இல்ல. நான்தான்.”

“என்ன நீதான்?”

“விலகறது. நான்தான் விலகறேன்.” அவன் ஒரு குச்சியால் இன்னொன்றைத் தட்டிக்கொண்டே பேசினான். “எனக்கு உன் கால் தெரியல. அதான்.”

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“காதுல கேட்குதில்ல?”

“நல்லாக் கேட்குது. ஆனா கேட்டுட்டு அடிச்சா லேட்டாயிடுது. லேட்டாகுதேன்னு முந்தினா முந்திடுது. நான் உன் பேஸைக் கேட்டு வாசிச்சதே இல்ல அக்கா. நீ காலை எடுக்கும்போதே குச்சியை எடுத்துடுவேன். நீ இறக்கும்போது இறக்குவேன். சின்ன வயசுல பிஸ்கட் டப்பா வச்சுக்கிட்டு தரையில உட்கார்ந்திருப்பேனே, உன் பெஞ்சுக்குப் பக்கத்துல? அப்போ என் கண்ணுக்கு நேரா இருந்தது உன் கால்தான். அதுலேயே பழகிட்டேன். இடப்பக்கம் உட்காரணும்னு அடம் பிடிக்கறது அதுக்குத்தான். சென்டிமென்ட் எல்லாம் இல்ல.”

“மாப்பிள்ளையோட மட்டும் எப்படி ஒட்டினது?”

“அவர் விரல் கண்ணாடியில தெரிஞ்சுது.”

அக்கா கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே ஒருவர் தள்ளுவண்டியைத் திருப்ப முடியாமல் திருப்பிக்கொண்டிருந்தார்.

“இது உனக்கு எப்போ தெரியும்?”

“முதல் நாளே சந்தேகம். நேத்து உறுதியாத் தெரிஞ்சிடுச்சு.”

“நேத்து அவர் என் கால் கஷ்டம்னு நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லும்போது நீ எங்க இருந்தே?”

“அங்கதான்.”

“அங்கேயே இருந்துக்கிட்டு, என்னைப் பார்த்துக்கிட்டு, சும்மா இருந்தே?”

பையிலிருந்து ஒரு ஷூ பறந்து வந்து அவன் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. கயிற்றை அவள் எப்போது அவிழ்த்தாள் என்று அவன் கவனிக்கவில்லை.

“வெளியில தெரிஞ்சா எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்?” என்றான். “கேட்டு வாசிக்கத் தெரியாத டிரம்மர்னு பேர் வந்தா அவ்வளவுதான். எனக்கு மருந்துக் கடை இருக்கா, பள்ளிக்கூடம் இருக்கா?”

“அதுக்கு என் காலை வித்துட்டே.”

“ஆமா.”

அவன் ஆமாம் என்று சொல்லுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது ஷூவை ஓங்கியிருந்தவள் அதைப் பெஞ்சில் வைத்தாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதைவிட அவசரமான ஒன்று, பேஸ் இன்னும் கைவிட்டுப் போகவில்லை என்பது, நினைவுக்கு வந்துவிட்டது.

“அதை எடுத்துக் கொடு,” என்றாள். தம்பி குனிந்து ஷூவை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். “உள்ள வா. எல்லார் முன்னாடியும் நீயே சொல்லு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

அவன் சொன்னான். சுருக்கமாக, ஒலிப்பதிவாளரின் மேசையைப் பார்த்தபடி சொன்னான். வாத்தியார் முதலில் நம்பவில்லை. பரீட்சை வைக்காமல் எதையும் நம்புகிறவர் இல்லை அவர். தம்பியை வெளியே ஒரு டிரம்மோடு அக்காவின் இடப்பக்கம் உட்காரவைத்தார். இருவரும் வாசித்தார்கள், ஒட்டியது. பிறகு அவனை அதே இடத்தில் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார். சிறிது தூரம் போவதற்குள் விலகியது. மறுபடி திரும்பி உட்கார்ந்தான், ஒட்டியது.

“இத்தனை வருஷமா காப்பி அடிச்சே பாஸ் பண்ணியிருக்கான்,” என்றார் வாத்தியார். “பக்கத்து சீட்டைப் பார்த்து.”

“இதுல ஒரு நல்லது இருக்கு,” என்றான் சில்லறை. “எனக்குத் தாளம் தெரியாதுன்னு இனிமே யாரும் பேச முடியாது.”

கம்பெனிக்காரர் நியாயமான ஒன்றைச் சொன்னார். யார் தப்பாக இருந்தால் என்ன, மாப்பிள்ளையை வைத்து எடுத்தது நன்றாக இருக்கிறது. மீதியையும் அப்படியே முடித்துவிடலாமே? நாட்களும் குறைவாக இருக்கின்றன.

அதற்கு மாப்பிள்ளைதான் பதில் சொன்னார்.

“சார், இப்போ ரெண்டு பேரும் பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சாங்களே, கேட்டீங்களா? அது என்கிட்ட வராது. என்னை வச்சு எடுத்தா நல்ல ஆல்பம் வரும். அவங்க எடுத்தா அவங்க ஆல்பம் வரும்.” சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோமோ என்று பேஸ் கிடாரைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார்.

டிரம்ஸை வெளியே கொண்டுவர ஒலிப்பதிவாளர் ஒப்பவில்லை. அறையைச் சுற்றி நடந்தாள். ஆர்கனைச் சுற்றி நடந்தாள். அப்புறம், “ஆர்கனைத் திருப்பிடலாம்,” என்றாள். “முகம் தெரியாது. கால் தெரியும்.”

இவ்வளவு எளிதான ஒன்று இத்தனை நேரம் யாருக்கும் தோன்றவில்லை என்பதில் எல்லோருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆர்கனைத் தூக்க நாலு ஆள் வேண்டும். அக்கா தூக்கக் கூடாது. வாத்தியார், தம்பி, சில்லறை மூன்று பக்கம் பிடிக்க, நாலாவது மூலைக்கு மாப்பிள்ளை வந்தார்.

“மாப்பிள்ளையை வேலை வாங்கினா மாமனார் கோவிச்சுக்கப் போறாரு,” என்றான் சில்லறை.

“நீங்க தூக்குங்க. அவர் கோவிச்சா நான் பார்த்துக்கறேன்,” என்றார் மாப்பிள்ளை.

ஆர்கனின் இடப்பக்கம் கண்ணாடியைப் பார்க்கும்படி திரும்பியது. அக்காவின் முகத்துக்கு எதிரே இப்போது கூடத்துச் சுவர்தான். தம்பி உள்ளே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு மைக்கில் சொன்னான்: “இருட்டா இருக்கு. ஷூவும் கறுப்பு, பெடலும் கறுப்பு.”

ஒலிப்பதிவாளர் தன் மேசை விளக்கை எடுத்து வந்து தரையில் வைத்து, வெளிச்சத்தைப் பெடல் பக்கம் திருப்பினாள். ஒயர்களில் பெயர் எழுதி ஒட்டும் வெள்ளை டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து, குனிந்து, அக்காவின் இடது ஷூவின் நுனியில் ஒட்டினாள்.

“இப்போ?”

“இப்போ தெரியுது.”

‘மாடிப்படி’யை எடுத்தார்கள். முதல் எடுப்பில் சில்லறை ஓரிடத்தில் சுருதி தப்பினான். இரண்டாவதில் தம்பி கால் எழுவது சட்டென்று பிடிபடாமல் காத்திருந்து தடுமாறினான். வெளிச்சத்தில் அருகிலிருந்து அவன் பார்த்துப் பழகிய கால் வேறு, கண்ணாடி வழியாகத் தெரிந்த இந்தச் சின்னக் கணுக்கால் அசைவு வேறு. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கில், “அவசரப்படாத. பாரு,” என்று மட்டும் சொன்னாள். வராந்தாவிலிருந்து உள்ளே வந்த பிறகு அன்று அவள் அவனிடம் நேராகப் பேசிய வார்த்தைகள் அவ்வளவுதான். மூன்றாவது எடுப்பு முடிந்ததும் யாரும் கேட்டுப் பார்க்கக்கூட எழுந்து வரவில்லை. வாசிக்கும்போதே தெரிந்துவிட்டது.

மீதி நாட்களில் மீதிப் பாட்டுகளை எடுத்தார்கள். கடைசி நாள் மாலை, அக்காவின் கால் வீங்கியிருந்தது. கணவர் ஒரு பையில் ஐஸ் கட்டி கொண்டுவந்து, ஆர்கன் பெஞ்சிலேயே அவள் காலை நீட்டவைத்துக் கட்டினார். அப்போது கம்பெனிக்காரர் ஒன்றைத் தீர்க்க வேண்டும் என்றார். ‘ஈரத்துணி’ ஒன்று மட்டும் மாப்பிள்ளை வாசித்தது இருக்கிறது. நேரம் கொஞ்சம் இருக்கிறது. அதையும் காலால் எடுத்துவிடலாமா?

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இந்த முறை முழங்காலை யாரும் பார்க்கவில்லை.

“போட்டுக் காட்டுங்க,” என்றாள்.

ஒலிப்பதிவாளர் போட்டாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

“வேண்டாம். இது இப்படியே இருக்கட்டும். இந்தப் பாட்டு அவர்கிட்டதான் நல்லா இருக்கு.”

“அப்போ அட்டையில பேஸ்னு போட்டு யார் பேரைப் போடறது?” என்றார் கம்பெனிக்காரர்.

“அந்தப் பாட்டுக்கு மாப்பிள்ளை. மத்ததுக்கெல்லாம் இடது கால்னு போடுங்க.”

அப்படியே போட்டார்கள்.

ஆல்பம் வந்து சில மாதங்கள் கழித்து கம்பெனிக்காரர் மருந்துக் கடைக்குப் போன் செய்தார். மெத்தை விளம்பரக்காரர்கள் மறுபடி ஒரு பாட்டைக் கேட்கிறார்கள் என்றார். எந்தப் பாட்டு என்று அக்கா கேட்டாள். அவர் கொஞ்சம் தயங்கி, ‘ஈரத்துணி’ என்றார்.

அக்கா ஒரு வாடிக்கையாளருக்கு இருமல் மருந்தைக் கொடுத்துவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சிரித்தாள். “எந்த வீட்டுலயும் மாப்பிள்ளைக்குத்தானே சார் முதல் மரியாதை? குடுங்க, குடுங்க.”

அன்று மாலை அவர்களுக்கு ஒரு மேடை இருந்தது. அக்கா போய்ச் சேர்ந்தபோது டிரம்ஸை ஆர்கனுக்கு வலப்பக்கம் போட்டிருந்தார்கள். மேடைக்காரரிடம் தம்பி சண்டை போடாமல், எப்படிக் கேட்பது என்று தெரியாதவனைப் போல நின்றுகொண்டிருந்தான். காரணத்தைச் சொல்லவும் அவனுக்கு மனமில்லை.

“இடப்பக்கம் மாத்துங்க,” என்றாள் அக்கா மேடைக்காரரிடம்.

“ஏங்க, அங்க வச்சா என்ன?”

“எனக்கு சென்டிமென்ட்.”

மேடைக்காரர் முனகிக்கொண்டே ஆள் கூப்பிடப் போனார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து துணிப் பையிலிருந்து ஷூக்களை எடுத்தாள். இடது ஷூவின் நுனியில் இருந்த டேப் அழுக்கேறி ஓரம் பிரிந்திருந்தது. அதை உரித்துப் போட்டுவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டைக் கத்தரித்து, நகத்தால் அழுத்தி ஒட்டினாள்.